கல் நடாத மேடு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் வருகிறவர்களுக்குக் கருங்குளம் தாண்டியதும் மண் மாறுவது கண்ணில் படும். அதுவரை கூடவே வந்த வாழையும் நெல்லும் ஆற்றுப் பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். சரளும் வெங்கச்சங்கல்லும் உடைமரமுமாக ஒரு மேடு எழும்பும். அதைப் பரம்பு என்போம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர். பேருந்தில் இருப்பவர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் கடந்துபோய்விடும்.

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும், அதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும், அவற்றைக் குடித்து நிறையும் குளங்களும்தான் என் பணிக்காலம். லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தி, எதிரே லஸ்கர் பிடித்திருக்கும் அளவுகோலைக் கண்ணாடி வழியே படித்து, தண்ணீர் எதுவரை ஏறும், எங்கே ஏறாது என்று சொல்வது எங்கள் தொழில். அதில் அரை அடி பிசகினால் கடைமடைக்காரர் மண்வெட்டியோடு ஆபீஸ் வாசலில் நிற்பார். அந்தப் பழக்கத்தில்தான் பரம்பையும் பார்த்தேன். அதனால் பானையையும் பொன்னையும் விட்டுவிட்டு முதலில் நிலத்தைச் சொல்கிறேன்.

தாமிரபரணி மலையிலிருந்து இறங்கிக் கடலைத் தொடும்வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசி எங்களுடையது; 1873-இல் கட்டி முடித்தார்கள். வடகாலும் தென்காலும் சேர்ந்து 25,560 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அதற்கு மேலே இருப்பது மருதூர் அணைக்கட்டு, இன்னும் பழையது. இத்தனை கால்வாய்கள் வந்த பிறகும் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் நஞ்சை என்பது ஒரு நாடாவின் அகலம்தான். கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற அந்த நாடாவைத் தாண்டி ஏறினால் சரள் மண். அதற்குத் தெற்கே போகப்போகத் தேரிச் செம்மணலும் பனையும். வடக்கே ஏறினால் வல்லநாட்டு மலை, வெளிமான்கள் மேயும் முள்காடு. நன்றாக விளைகிற நிலம் கொஞ்சம், விளையாத மேடு அதிகம். மூவாயிரம் ஆண்டுக்கு முன்பு இங்கே இருந்தவர்களுக்கும் இதே கணக்குதான் இருந்திருக்கும்.

இறந்தவர்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் பரம்பு.

வெளியூரிலிருந்து வருகிற உறவினர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். முதலில் ஏமாந்து போவார்கள். "இதுலே பாக்க என்ன அண்ணாச்சி இருக்கு?" என்பார்கள். அவர்கள் மனசில் இருப்பது நிற்கிற கல். பெருங்கற்காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள் அல்லவா. திருப்பூர் மாவட்டம் குமரிக்கல்பாளையத்தில் ஆகாயத்தை நோக்கி நிற்கும் நெடுங்கல், கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் வீடு மாதிரி பலகைக் கல் அடுக்கிய கல்திட்டைகள், திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் மனித உருவாக வெட்டி நிறுத்திய பெரும் பலகைக் கல், இவற்றின் படங்களைப் பார்த்திருப்பார்கள். பிரான்சின் கார்னாக்கில் 3,000-க்கும் மேற்பட்ட கற்கள் வரிசை வரிசையாக நிற்பதை யாராவது வீடியோவில் காட்டியிருப்பார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பார்கள். தொல்காப்பியமே கல் நடுவதைக் காட்சி தொடங்கி வாழ்த்து வரை ஆறு படிகளாக வகுத்துச் சொல்கிறது. தமிழ்நாட்டில் சாவுக்கும் கல்லுக்கும் அப்படி ஓர் ஒட்டுறவு.

ஆதிச்சநல்லூரில் ஒரு கல்கூட நிற்கவில்லை. வட்டமாக அடுக்கிய கல்லும் கிடையாது, மேலே மூடிய பலகையும் கிடையாது. இருப்பதெல்லாம் தரைக்குள்ளே.

கல் கிடைக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கருங்குளத்தில் ஆற்றோரமாகவே பாறைக்குன்று இருக்கிறது. வல்லநாடு மலையே இருக்கிறது. எங்கள் அணைக்கட்டைக் கட்டியதும் கல்லால்தான். இங்கே வாழ்ந்தவர்களின் கை மண்ணுக்குப் பழகியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். குளத்துக் களிமண்ணை மிதித்துக் குழைத்து, ஆளை உட்காரவைக்கும் அளவுக்குத் தாழி வனைந்து, உடையாமல் சுட்டு எடுப்பது சாதாரண வேலை இல்லை. பலகைக் கல்லைப் புரட்டி நிறுத்துவதற்குப் பலம் வேண்டும் என்றால் இதற்குத் தலைமுறை தலைமுறையாகத் தேறிய கை வேண்டும். புறநானூற்றில், கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவரிடம் தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிற பாட்டு ஒன்று உண்டு. அந்தப் பாட்டின் குயவருக்கு எங்கள் பரம்புக் குயவர்தான் மூதாதை என்று எனக்கு ஒரு பிடிவாதம். 2004-05 அகழாய்வில் புதைமேட்டை ஒட்டிக் குயவர் சூளைகளும் வெளிப்பட்டன.

சின்ன வயசில் என் ஆச்சி சொன்ன கதை வேறு. முற்காலத்தில் ஜனங்களுக்குச் சாவே வராதாம். வயசு ஏற ஏற உடம்பு சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகிவிடுமாம். பார்த்துக்கொள்ள முடியாமல் போனதும் ஒரு தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் தண்ணீரும் ஏற்றிய விளக்கும் கூடவே வைத்து மூடிவிடுவார்களாம். அதற்கு மதமதக்கத் தாழி என்று பெயர். "அங்கன விளையாடப் போகாத எய்யா, உள்ள இருக்கவுக முழிச்சிக்கிடுவாக" என்பாள். இந்தக் கதை நெல்லைச் சீமை முழுக்க உண்டு. கிழவிக் கதை என்று தள்ளிவிடாமல் யோசித்தால், தாழிக்குள் உட்கார்ந்த நிலையில் எலும்புக்கூடு இருந்ததையும் சோறு வைத்த சின்னக் கலயங்கள் கூட இருந்ததையும் உழவனோ சரள் வெட்டினவனோ எப்போதோ பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். கண்டதைக் கதையாக்கி, கதையை வைத்துப் பிள்ளைகளை அந்தப் பக்கம் அண்டவிடாமல் செய்து, தெரிந்தோ தெரியாமலோ பரம்பைக் காத்தவர்கள் எங்கள் ஆச்சிமார்.

வெள்ளைக்காரர்களுக்குக் கதை தடுப்பாக இருக்கவில்லை. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய 1876-இல் பெர்லினிலிருந்து ஃபியோதர் ஜாகோர் வந்தார். பிலிப்பைன்ஸ் பற்றிப் பயண நூல் எழுதிப் பெயர் வாங்கிய ஊர்சுற்றி அவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மட்கலங்களும் இரும்பு ஆயுதங்களும் ஏராளமான எலும்பும் மண்டையோடுமாக அள்ளிக்கொண்டு போனார். எல்லாம் பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. பின்னால் 1903-04 வாக்கில் பிரான்சிலிருந்து லூயி லாப்பிக் வந்து தோண்டினார். அவர் எடுத்தவை பாரிசுக்குப் போயின. இந்த இருவருக்கும் என் மனசில் பெரிய இடம் இல்லை. எடுத்தார்கள், போனார்கள்.

அலெக்சாண்டர் ரியா வேறு மாதிரி. இந்தியத் தொல்லியல் துறையின் தென்வட்டக் கண்காணிப்பாளர். 1899 முதல் 1905 வரை விட்டுவிட்டு வந்து தோண்டினார். அவர் சேர்த்தவற்றின் பட்டியல் 1915-இல் சென்னையில் நூலாக அச்சானது. பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் குறிப்புகளைப் படித்தபோது, இவரும் நிலத்தை லெவல் பார்த்த ஆள் என்று எனக்குத் தோன்றியது. உழவுக்கு ஆகாத, வெள்ளம் எட்டாத மேட்டைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அவர் எழுதுகிறார். மேலே சில அடி சரள். கீழே உதிர்ந்த வெங்கச்சங்கல் பாறை. அந்தப் பாறையைத் தாழிக்கு ஏற்றபடி குடைந்து, ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவே பாறையையே சுவராக விட்டிருக்கிறார்கள். மண்ணில் புதைத்தார்கள் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது கல்லுளி வேலை. வெளியே நிறுத்தாத கல்லை உள்ளே குடைந்திருக்கிறார்கள்.

ரியா கவனித்த இன்னொன்றை நான் மறக்கவே மாட்டேன். வாளும் ஈட்டியும் போன்ற இரும்பு ஆயுதங்கள் எல்லாம் முனை கீழே பார்க்கத்தான் கிடைத்தன. துக்கத்துக்கு வந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றியிருந்த மண்ணில் குத்தி ஊன்றியது மாதிரி இருந்தன என்று எழுதியிருக்கிறார். அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். தாழியை இறக்கியாயிற்று. மண் தள்ளுவதற்கு முன்பு ஒருவர் முன்னால் வந்து ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குத்துகிறார். அடுத்தவர் வருகிறார். கடைசியில் குழியைச் சுற்றி இரும்பு நிமிர்ந்து நிற்க, அதன்மேல் சரளைத் தள்ளி மூடுகிறார்கள். கொங்கு நாட்டில் தரைக்கு மேலே நின்றது இங்கே தரைக்குக் கீழே நிற்கிறது. நெடுங்கல் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்கள், எருமையும் ஆடும் சேவலும் புலியும் மூடியில் நிற்கும் வெண்கலச் சாடிகள், தாய்த் தெய்வம் என்று சொல்லப்படும் வெண்கலப் பெண் உருவம், இவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. எனக்குப் பிடித்தது ஓர் ஓடு. 2004-இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டி 160-க்கும் மேற்பட்ட தாழிகளை வெளிப்படுத்தியது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் தாழிகள். ஒரு தாழிக்கு மூடியாக இன்னொரு தாழியையே கவிழ்த்த இரட்டைத் தாழிகள். அந்த அகழாய்வில் கிடைத்த பானையோடு ஒன்றில் மண்ணைத் திரட்டி ஒட்டிய புடைப்புச் சித்திரம்: ஒரு பெண், பக்கத்தில் நெற்கதிர், கொக்கு, மான், முதலை. ஆற்றங்கரை வயல் அப்படியே இருக்கிறது. ரியாவுக்கும் தாழிகளில் நெல் உமி கிடைத்தது. சோறு விளையாத மேட்டுக்குச் சோற்றையும் சோறு விளைந்த வயலின் படத்தையும் கொண்டுபோய்ச் செத்தவர் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஏக்கர் நஞ்சையைக்கூடச் சுடுகாட்டுக்கு விடாதவர்கள், அந்த நஞ்சையின் விளைவில் மட்டும் குறை வைக்கவில்லை.

ரியா போன பிறகு சத்தியமூர்த்தி வருவதற்குள் ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. அதற்கு நடுவே 1930-இல் மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சுக்கர்மன் ஓர் ஆய்வு எழுதினார். 2004-05 அகழாய்வின் அறிக்கையும் நெடுநாள் வரவில்லை. எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குக் கொண்டுபோனார். 2019-இல்தான் நீதிமன்றத்தில் காலக்கணிப்பு முடிவுகள் சொல்லப்பட்டன: அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696. அதற்குப் பிறகு எல்லாமே வேகம். 2020 மத்திய பட்ஜெட்டில் இந்தியாவின் ஐந்து சிறப்புத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூரை அறிவித்தார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கேயும் சிவகளையிலும் தோண்டியது. 2021-இல் மத்தியத் துறை திரும்ப வந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு பொன் பட்டம் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 5-இல், தோண்டிய குழிகளின் மீதே கண்ணாடி பதித்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்க, நாம் மேலே நின்று குனிந்து பார்க்கலாம். இது நல்ல ஏற்பாடு. எழும்பூருக்கும் பெர்லினுக்கும் போன தாழிக்குக் காலடியில் இந்தச் சரள் இல்லை.

சிவகளை ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. அங்கேயும் புதைத்த இடத்துக்குப் பரம்பு என்றே பெயர். அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்ததை 2021-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை சிவகளை மாதிரிகளுக்கு கி.மு. 3345 வரை காலம் காட்டுகிறது. கீழே கொற்கையில் 1968-69-இல் தோண்டியபோது கிடைத்த கரிக்கு கி.மு. 785. இந்த எண்களை வைத்து இப்போது டீக்கடையிலும் சண்டை நடக்கிறது. பழமை எவ்வளவு என்பதில் எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நிலத்தைப் பார்க்காமல் போகிறார்கள். ஆதிச்சநல்லூர் தென்கரை மேடு, சிவகளை வடகரை மேடு. இரண்டு கரையிலும் ஒரே முடிவை எடுத்திருக்கிறார்கள்: பள்ளம் உயிரோடிருப்பவர்களுக்கு, மேடு இறந்தவர்களுக்கு. ஊரைச் சேர்ந்தவர்கள் பல தலைமுறைக்கு ஒத்து நடந்தால்தான் இந்த மாதிரி ஒரு பங்கீடு நிலைக்கும். மடை முறை வைத்துத் தண்ணீர் பங்குபோடுவதில் ஒரு பருவத்துக்கு எல்லோரையும் சம்மதிக்கவைப்பதே எவ்வளவு பாடு என்று பார்த்தவன் நான். மூன்று அடுக்குத் தாழி என்றால் எத்தனை தலைமுறைச் சம்மதம் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளம் எட்டாத மேடு என்று ரியா எழுதியதன் கனம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் விளங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஆறு, கால்வாய், குளம் என்ற பேதம் இல்லாமல் தண்ணீர் ஒன்றாயிற்று. குளங்கள் உடைந்தன. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. என் பணிக்காலம் முழுக்கக் கரை எவ்வளவு உயரம் என்று எழுதிவைத்த ஏடுகள் எதுவும் அந்த இரவுக்குப் பேசவில்லை. இந்த ஆறு இப்படியும் வரும் என்பதை அறிந்தவர்கள்தான் தங்கள் தாயையும் தகப்பனையும் வைக்க மேடு பார்த்திருக்கிறார்கள்.

கல் நடாத ஊர் என்று சொன்னேன். ஆனால் இறந்தவர் இடத்தில் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தும் வழக்கம் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. எங்கள் பக்கம் சுடலைமாடன் இல்லாத ஊர் இல்லை. ஆறுமுகமங்கலத்துச் சுடலைக்கு மாவட்டம் தாண்டியும் ஆள் வரும். சாமிக்குச் சிலையைவிடப் பீடம்தான் பழைய வழக்கம்: அடி அகன்று மேலே குறுகிப்போகும் தூண், சுண்ணாம்பு பூசி, காவிப் பட்டை இழுத்தது. 1849-இல் கால்டுவெல் எழுதிய நூலிலேயே இந்த மண் கூம்புகளும் வெள்ளையடிப்பும் வருகின்றன. கொடை நடக்கும் ராத்திரி வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் நடுவே சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய் வருவார். பீடத்துக்கு முன்னால் வல்லயம் ஊன்றி நிற்கும். நீண்ட கம்பில் இரும்பு முனை, முனை மேலே. பரம்பில் முனை கீழே. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட நான் அவசரப்படவில்லை. ஆனால் சுடலைக்கு முன் இரும்பை ஊன்றுகிற கை எங்கள் ஊருக்குப் புதியதாக வந்த கை இல்லை. ஆதிச்சநல்லூர்ச் சூலங்களைப் பார்த்த சிலருக்கு முருக வழிபாட்டு நினைவு வந்தது. கருங்குளம் குன்றில் வெங்கடாசலபதி நிற்பதும் சிலையாக அல்ல, சந்தனக் கட்டையாகத்தான். நிமிர்ந்து நிற்கும் ஒன்றைக் கண்டால் கும்பிடுகிற ஊர் இது.

பரம்புக்கு நிமிர்ந்த அடையாளம் இல்லாததால் வந்த கேடும் உண்டு. கல் நின்றிருந்தால் கண்டவன் யோசிப்பான். வெறும் மேட்டைக் கண்டால் சரள் என்றுதான் நினைப்பான். சாலை போட, குளத்துக் கரையை உயர்த்த, வீட்டுமனைப் பள்ளம் நிரப்ப, எல்லாவற்றுக்கும் சரள் வேண்டும். எங்கள் துறைக் கரைகளுக்கே சரள் எங்கிருந்து வருகிறது என்று பழைய நாளில் யாரும் கேட்டதில்லை. ஆதிச்சநல்லூரின் 114 ஏக்கருக்கு இப்போது பாதுகாப்பு இருக்கிறது. சிவகளையின் பெயரும் வெளியே தெரிந்துவிட்டது. ஆற்றின் இரு கரையிலும் பெயர் தெரியாத பரம்புகள் இன்னும் எத்தனையோ உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் அவை தரிசு, புறம்போக்கு, கல்லாங்குத்து என்றுதான் இருக்கும்.

அந்தப் பதிவேடுகளில் இரண்டு கரையிலும் உள்ள மேடுகளைப் பிரித்தெடுக்க ஒரு கிராம நிர்வாக அலுவலருக்குச் சில நாள் வேலைதான். அந்தச் சர்வே எண்களில் சரள் எடுக்க அனுமதி கேட்டு மனு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் போய் நடந்து பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் நல்லது. தாழியின் வாய் விளிம்பு சரளில் வட்டமாகத் தெரியும்.